பந்தாட்டமும் ஐந்தொகையும்

சென்ற மாதம் ஒரு வழக்கின் பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போயிருந்தோம். வழக்கு வாய்தாவில் முடிந்தது. மாலையில் ராஜபாளையத்து நண்பர் ஒருவரைக் காணச் செல்லும் வழியில், நீர் வற்றிய கண்மாய் ஒன்றின் உட்பரப்பில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். நான்கு செங்கற்களே அவர்களுக்குக் கோல் கம்பங்கள். மேற்கே மலை, தரையெங்கும் வெடிப்பு, அவ்வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடியது பந்து. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பஞ்சாலையில் இரவு முறை வேலை பார்ப்பவராம், நம்மை இன்னாரென்று அறிந்துகொண்டு அருகில் வந்தார். அவர் அணிந்திருந்த சிவப்புச் சட்டை நாட்டிங்ஹாம் பாரஸ்ட் என்னும் இங்கிலாந்துச் சங்கத்தின் சட்டை.

“வக்கீலய்யா, ஒரு சந்தேகம். சங்கமும் அவனோடதுதான், பணமும் அவனோடதுதான். அவன் பணத்தை அவன் செலவு பண்ணினதுக்கு நாலு புள்ளியைக் கழிச்சுட்டாங்களே, இது எந்தச் சட்டத்துல இருக்கு?”

இங்கிலீஷ்காரன் நம் தேசத்தை விட்டுப் போனபின் அவனது பந்து நம்மிடம் தங்கிவிட்டது என்பதை அறிவோம். ஆனால் அவ்வூர்ச் சங்கமொன்றின் புள்ளிக் கணக்கு ராஜபாளையத்துக் கண்மாய்க் கரையில் ஒருவருடைய நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் என்று நாம் கனவிலும் கருதியதில்லை. அப்போதைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். விடை அவருக்கும் திருப்தி தரவில்லை, நமக்கும் திருப்தி தரவில்லை. ஊர் திரும்பி, சம்பந்தப்பட்ட விதிகளையும் தீர்ப்புகளையும் வரவழைத்துப் படித்தோம். அதன் பயனே இக்கட்டுரை. ‘அரசியலுக்கென நடக்கும் பத்திரிகையில் பந்தாட்டக் கணக்கு எதற்கு?’ என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பணமுடையோன் எவ்வளவு செலவிடலாம், இல்லாதோன் எவ்வளவு ஆசைப்படலாம் என்னும் கேள்வி அரசியல் கேள்வியன்றி வேறு யாது?

முதலில் இளைஞரின் சட்டக் கேள்விக்கு வருவோம். இது பார்லிமெண்டு இயற்றிய சட்டமன்று, ஒப்பந்தம். பிரீமியர் லீக் என்பது இருபது சங்கங்கள் தாமே பங்குதாரராக அமைந்து நடத்தும் ஸ்தாபனம். அதில் சேரும் சங்கம் அதன் விதிப் புத்தகத்துக்கு உட்படுவதாக ஒப்புக்கொண்டே சேருகிறது. பணம் தன்னுடையதாயினும், பிறரோடு கூடி ஆடும் உரிமை தன்னுடையது மட்டும் அன்று. ஆதலால் ‘என் பணம், என் இஷ்டம்’ என்னும் வாதம் எந்த நடுவர் மன்றத்திலும் நில்லாது. அதிகாரம் உண்டா என்பது இங்கே கேள்வியன்று. விதி நியாயமானதா என்பதே கேள்வி.

விதி பிறந்த கதை இது. ஐரோப்பியச் சங்கங்கள் வரவுக்கு மிஞ்சிச் செலவிட்டுக் கடனில் மூழ்கி வந்தன. 2011-ஆம் ஆண்டில் அக்கண்டத்து முதல்நிலைச் சங்கங்களின் மொத்த நஷ்டம் ஏறக்குறைய 170 கோடி யூரோ. யூஏபா என்னும் ஐரோப்பியக் கால்பந்து ஐக்கியம் 2009-இல் கொள்கையளவில் ஏற்றிருந்த செலவுக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக அமலுக்குக் கொண்டுவந்தது. 2013-இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் தனக்கென ஒரு விதி வகுத்தது. மூன்று வருஷங்களில் ஒரு சங்கம் கூடிப்போனால் 10.5 கோடி பவுன் நஷ்டம் காட்டலாம். அதற்கு மேல் போனால் தண்டனை. வருஷத்துக்கு மூன்றரைக் கோடி என்பது கணக்கு. ஆனால் அக்காலத்தில் ஒரு சங்கம் கீழ்ப்படியில், அதாவது இரண்டாம் நிலை லீக்கில், ஆடியிருந்தால், அந்த வருஷத்துக்கு அனுமதி 1.3 கோடி மட்டுமே.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து மறுபடியும் படியுங்கள். விஷயத்தின் உயிர்நிலை இதிலேதான் இருக்கிறது.

நாட்டிங்ஹாம் பாரஸ்ட் புராதனப் பெருமையுள்ள சங்கம். 1979-இலும் 1980-இலும் ஐரோப்பாவின் வெற்றிக் கோப்பையை ஏந்தியது. பின்னர்த் தாழ்ந்து, இருபத்துமூன்று வருஷங்கள் மேல் லீக்கில் இடமின்றிக் கிடந்து, 2022-இல்தான் மறுபடி ஏறிவந்தது. ஏறிவந்த சங்கத்திடம் ஆட்டக்காரர்கள் போதவில்லை. முதல் பருவத்திலேயே இருபதுக்கு மேற்பட்டவர்களை வாங்கியது. கைவசமுள்ள பெரிய சங்கங்களுக்கு மூன்று வருஷ வரம்பு 10.5 கோடி. பாரஸ்டுக்கோ, கீழே ஆடிய இரண்டு வருஷங்களுக்கு 1.3, 1.3, மேலே ஆடிய ஒரு வருஷத்துக்கு 3.5, ஆக மொத்தம் 6.1 கோடி. அது காட்டிய நஷ்டம் 9.55 கோடி. அதே நஷ்டத்தை மூன்று வருஷமும் மேல் லீக்கில் இருந்த சங்கம் காட்டியிருந்தால் குற்றமேயில்லை! ஏறி வந்தவனுக்குக் குற்றம். முன்பே அமர்ந்திருப்பவனுக்கு அது சாதாரண வருஷக் கணக்கு.

அச்சங்கத்தில் சிறுவயது முதல் பயின்று வளர்ந்த பிரென்னன் ஜான்சன் என்னும் ஆட்டக்காரரை 2023 செப்டம்பர் முதல் தேதி டாட்டன்ஹாம் சங்கத்துக்கு 4.75 கோடி பவுனுக்கு விற்றார்கள். கணக்கு வருஷமோ ஜூன் 30-ல் முடிந்துவிட்டது. ஜூனிலேயே விற்றிருந்தால் வரம்புக்குள் வந்திருப்போம், நல்ல விலைக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம், அது விவேகமான வியாபாரந்தானே என்று சங்கத்தின் வக்கீல்கள் வாதித்தார்கள். கமிஷன் ஏற்கவில்லை. விற்பனை எந்த வருஷத்தில் விழுகிறதோ அந்த வருஷத்துக்கே வரவு என்றது. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் போயின. மே மாதத்தில் அப்பீலும் தள்ளுபடியாயிற்று. சட்டத்தின்படி தீர்ப்பில் குறைகாண நமக்கு முடியவில்லை. வருமானவரிக் கணக்கில் மார்ச் 31-ஐக் கடந்து வந்த ரசீதை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு ஓடிவரும் கட்சிக்காரர்களுக்கு நாமும் இதே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறோம்.

இதே விதியின்கீழ் எவர்ட்டன் சங்கம் 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகளை இழந்தது. நஷ்டம் 12.45 கோடி, வரம்புக்கு மேல் 1.95 கோடி. அப்பீலில் பத்து ஆறாகக் குறைந்தது. அடுத்த கணக்கு வருஷத்துக்காக இன்னும் இரண்டு கழிந்தது. லெஸ்டர் சங்கத்தின் வழக்குத்தான் வக்கீல்களுக்கு விருந்து. அது 2022-23 பருவத்தில் தோற்று மேல் லீக்கிலிருந்து இறங்கியது. அதன் கணக்கு வருஷம் ஜூன் 30-ல் முடிகிறது. லீக்கின் அங்கத்தினர் என்னும் நிலையை அது இழந்ததோ அதற்குச் சில தினங்கள் முன்பு. ‘கணக்கு முடிந்த தினத்தில் நாங்கள் உங்கள் அங்கத்தினரே அல்லோம், எங்களை விசாரிக்க உமக்கு அதிகாரம் ஏது?’ என்று கேட்டார்கள். 2024 செப்டம்பரில் அப்பீல் மன்றம் இதை ஒப்புக்கொண்டது. விதியை எழுதியவர்கள் தாம் எழுதியதைத் தாமே மறுமுறை படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? இந்த லெஸ்டர்தான் 2016-இல் ஒருவரும் எதிர்பாராதபடி லீக் பட்டத்தை வென்று, சிறிய ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் ஆசைத் தீயை மூட்டியது.

இனி நமது ஊருக்கு வருவோம். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவினார். மழை பொய்த்தால் பஞ்சம் என்றிருந்த பூமியில் பஞ்சாலைகள் எழுந்து, ஊரின் தலையெழுத்தையே மாற்றின. அந்த வருஷத்தில் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம்: ‘எந்த ஆலையும் சென்ற வருஷ விற்பனையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் கதிர்களிலும் கூலியிலும் செலவிடலாகாது.’ பம்பாய் ஆலைகளுக்கும் மான்செஸ்டர் ஆலைகளுக்கும் சென்ற வருஷ விற்பனை உண்டு. ராஜபாளையத்துக்கு ஏது? பூஜ்யத்தில் எழுபது விழுக்காடு பூஜ்யமே. இந்த உத்தரவின் கீழ் இங்கே ஒரு கதிர்கூடச் சுழன்றிராது. உத்தரவு எல்லோருக்கும் பொதுவாகவே இருந்திருக்கும். ஒருவரையும் பெயர் சொல்லித் தடுத்திராது. புதியவனுக்கு வருமானத்துக்கு முன்னே மூலதனம் வேண்டும். வருமானத்தை அளவுகோலாக வைத்து மூலதனத்தை மறுப்பது, நீந்தத் தெரிந்தபின் தண்ணீரில் இறங்கு என்பதை ஒக்கும்.

ஐரோப்பாவில் இன்று நடப்பது ஏறக்குறைய இதுவே. யூஏபா தனது பழைய விதியை 2022-இல் மாற்றி, ஆட்டக்காரர் சம்பளம், விலை, தரகு ஆகியவற்றின் மொத்தம் வருமானத்தில் இத்தனை விழுக்காட்டைத் தாண்டலாகாது என்று வைத்தது. முதலில் தொண்ணூறு, பின் எண்பது, 2025-26 பருவம் முதல் எழுபது. பிரீமியர் லீக் சங்கங்களும் 2025 நவம்பரில் வோட்டெடுத்து, 2026-27 பருவம் முதல் எண்பத்தைந்து விழுக்காடு என்ற இதே மாதிரியான விதியை வரித்துக்கொண்டன. மான்செஸ்டர் சிட்டி சங்கத்தின் 2023-24 வருமானம் 71.5 கோடி பவுன். எண்பத்தைந்து விழுக்காடு என்றால் 60 கோடிக்கு மேல். புதிதாக ஏறிவரும் சங்கம் ஒன்றுக்குப் பதினைந்து கோடி வருமானம் என்று வைத்துக்கொண்டால் அதன் வரம்பு 12.75 கோடி. விழுக்காடு ஒன்றுதான், ஆட்டக்களத்தில் மோதுவது விழுக்காடுகள் அல்லவே! ஒருவன் அறுபது கோடியோடு வருகிறான். மற்றவன் பன்னிரண்டே முக்காலோடு நிற்கிறான்.

அதே தினத்தில் வேறொரு யோசனையும் வோட்டுக்கு வந்தது. லீக்கில் கடைசியாக நிற்கும் சங்கத்துக்குக் கிடைக்கும் பங்குத்தொகையை அடிப்படையாகக் கொண்டு, அதன் இத்தனை மடங்குக்கு மேல் எவரும் செலவிடலாகாது என்பது அது. எல்லோருக்கும் ஒரே தொகை. அது தோற்றது. விழுக்காட்டு விதி நிறைவேறிய அறையிலேயே தொகை வரம்பு தோற்றதென்பதை நமது இளைஞர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசியல் ஊழியர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நமது தேர்தல் சட்டத்தில் லோக்சபை வேட்பாளருக்குப் பெரிய மாகாணங்களில் 95 லட்சம் ரூபாய் வரம்பு என்று 2022-இல் உயர்த்தி வைத்தார்கள். வேட்பாளர் செலவுக்கு வரம்பு. அவரை நிறுத்தும் கட்சியின் பொதுச் செலவுக்கு வரம்பே கிடையாது. கட்சியின் துணையின்றிச் சுயேச்சையாக நிற்பவர் தம் ரசீதுகளையெல்லாம் கோப்பில் ஒட்டிக்கொண்டிருப்பார். அவர் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருக்கும்.

விதியினால் தீமையே விளைந்தது என்று சொல்வோமானால் அது வக்கீலின் வாதமாகுமே தவிரப் பத்திரிகாசிரியனின் நியாயமாகாது. 2011-இல் 170 கோடி யூரோ நஷ்டத்தில் கிடந்த ஐரோப்பிய முதல்நிலைச் சங்கங்கள் 2017-இல் கூட்டாக லாபம் காட்டின. இங்கிலாந்தின் பரி என்னும் சிற்றூரில் 1885-இல் பிறந்த சங்கம் கடனையும் கூலியையும் கொடுக்க இயலாது 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அவ்வூர்க்காரர் தலைமுறை தலைமுறையாகச் சென்ற மைதானத்தின் கதவு பூட்டப்பட்டது. போர்ட்ஸ்மவுத் சங்கம் 2008-இல் எப்.ஏ. கோப்பையை வென்றது, 2010-இல் கடன்காரர் பொருட்டு நிர்வாகியின் கையில் ஒப்படைக்கப்பட்டது. பேராசைக்காரரான முதலாளி ஒருவர் வருவார், இரண்டு வருஷம் பணத்தை வாரி இறைப்பார், சலித்துப் போவார்; மிஞ்சுவது கடன் பத்திரமும் ஊர் ஜனங்களின் கண்ணீரும். நமது தொழிலில் இத்தகைய மனிதர்களை எதிர்க்கட்சியிலும் பார்த்திருக்கிறோம், நம் கட்சியிலும் பார்த்திருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரம் செய்வோர் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்வர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தின்பண்டத்தைப் பால் கூட்டுறவுச் சங்கமும் செய்கிறது, சின்னஞ்சிறு அடுப்புக்காரரும் செய்கிறார். எங்கிருந்தோ வந்த ஒரு தனவந்தர் தெரு முனையில் கடை வைத்து, பாலுக்கு இரட்டை விலை கொடுத்து, பால்கோவாவை அரை விலைக்கு விற்றால் என்னாகும்? முதல் ஆறு மாதம் வாங்குவோருக்குக் கொண்டாட்டம். பிறகு அடுப்புகள் ஒவ்வொன்றாக அணையும். தனவந்தரும் கடையைக் கட்டிக்கொண்டு போனபின், பால் கறப்பவர் வாசலில் செம்போடு நிற்பார். ஆகவே செலவுக்கு ஒரு வேலி வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. வேலி யார் தோட்டத்தைக் காக்கிறது என்பதிலேதான் விவகாரம்.

செல்ஸி சங்கத்தை 2003-இல் ரஷ்ய தனவந்தர் வாங்கினார். மான்செஸ்டர் சிட்டியை 2008-இல் அபுதாபி அரச குடும்பத்தார் வாங்கினர். இரண்டும் விதி வருமுன் இறைத்த பணத்தால் பட்டங்களை வென்று, பட்டங்களால் வருமானம் பெருக்கி, இன்று அவ்வருமானத்தைக் காட்டி விதிக்கு உட்பட்டு நிற்கின்றன. உட்பட்டுத்தான் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. சிட்டியின்மீது நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளை 2023 பிப்ரவரியில் லீக் சுமத்தியது. 2021-இல் சவுதி அரசாங்க நிதியம் வாங்கிய நியூகாஸில் சங்கத்துக்கோ, உலகின் மிகப்பெரிய செல்வங்களில் ஒன்று பின்னால் இருந்தும், அதே வழியில் போக முடியவில்லை. ஏணியை ஏறியவர்கள் எட்டி உதைத்துவிட்டார்கள். சவுதிப் பணத்தின்பால் நமக்கு அனுதாபம் ஏதுமில்லை. ஆனால் ஏறியவர்கள் தர்மத்தின் பெயரால் பேசும்போது சிரிப்பை அடக்க முடிவதில்லை.

விதியின் இன்னொரு விளைவு நம் மனத்தைப் பெரிதும் வருத்தியது. ஒரு சங்கம் வேறிடத்திலிருந்து ஓர் ஆட்டக்காரரை வாங்கினால் அவர் விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பங்கிட்டுச் செலவெழுதுவர். அவரை விற்கும்போது, எழுதாமல் நிற்கும் பாக்கியைக் கழித்தே லாபம். தன் ஊரிலேயே சிறுபிராயம் முதல் வளர்த்த பிள்ளைக்கோ வாங்கிய விலை என்பது இல்லை. விற்றால் விலை முழுவதும் லாபம். ஆகவே ஜூன் மாதக் கடைசி நெருங்கும்போது, கணக்கைச் சரிக்கட்ட வீட்டுப் பிள்ளையையே முதலில் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். 2024 ஜூனில் நியூகாஸில் தன் ஊர்ப் பையன் எலியட் ஆண்டர்ஸனை விற்றது இவ்வாறே. வாங்கியது யார் தெரியுமோ? வீட்டுப் பிள்ளையைத் தாமதித்து விற்றதால் தண்டனை பெற்ற அதே நாட்டிங்ஹாம் பாரஸ்ட்! பெரிய சங்கங்களுக்கு வேறு உபாயங்களும் உண்டு. செல்ஸி தன் மைதானத்தை அடுத்த ஹோட்டல்களைத் தன் உடன்பிறந்த கம்பெனிக்கே விற்று லாபம் எழுதிக்கொண்டது. சிறிய சங்கத்துக்கு ஹோட்டல் ஏது? பிள்ளைகள்தாம் உண்டு.

இவ்வளவு தடைகளுக்கிடையிலும் விதி பிசகாமல் ஏறியவர் இல்லையா? உண்டு. லூட்டன் சங்கம் 2014 வரை ஐந்தாம் படியில் கிடந்தது. முன்பொரு பருவத்தில் முப்பது புள்ளிகள் கழிக்கப்பெற்று வீழ்ந்த சங்கம் அது. சிக்கனமாக நடந்து, 2023-இல் மேல் லீக்கை எட்டியது. அதன் மைதானத்தில் வெளியூர் ரசிகர் நுழையும் வாயில் வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. கொல்லைப்புறங்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே போகலாம் என்கிறார்கள். ஆசைக்கு மீறி ஒரு காசும் செலவிடவில்லை. பலன், ஒரே பருவத்தில் கீழே இறங்கியது. அடுத்த பருவத்தில் இன்னும் ஒரு படி. 2023-24-இல் ஏறிவந்த மூன்று சங்கங்களும் அதே பருவத்தில் இறங்கின; 2024-25-இலும் மூன்றும் இறங்கின. பிரைட்டன் போன்ற சங்கங்கள் நிலைத்ததும் உண்மையே. அவை மலிவாக ஆளை இனங்கண்டு பெருவிலைக்கு விற்கும் கலையில் தேர்ந்தவை. அந்தப் பிரைட்டனுக்கும் ஆதியில் அதன் சொந்தக்காரர் தம் கைப்பணத்தைக் கோடிக்கணக்கில் கடனாகக் கொடுத்திருந்தார் என்பதைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர்.

அயலான் கதை இவ்வளவு போதும். ராஜபாளையத்துக்கு அருகில் மதுரை இருக்கிறது. மதுரையின் சேது சங்கத்துப் பெண்கள் 2019 மே மாதத்தில் லூதியானாவில் மணிப்பூர்ப் போலீஸ் கோஷ்டியை 3-1 என்று வென்று, அகில இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைத் தெற்கே கொண்டுவந்தார்கள். அதே வருஷம் மார்ச் 9-இல், சென்னை சிட்டி சங்கம் கோயம்புத்தூர் மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்னுக்குத் தள்ளி, ஐ-லீக் பட்டத்தை எடுத்தது. ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியப் பட்டங்கள்! எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது?

சென்னை சிட்டிக்கு அப்பட்டத்தால் கிடைத்தது என்ன? ஐ.எஸ்.எல். என்னும் செல்வந்தர் லீக்கின் கதவு அன்று பூட்டியிருந்தது. அங்கே வெற்றியினால் நுழைய இயலாது; ஆண்டுதோறும் கோடிக்கணக்கான உரிமைத் தொகை கட்டுவோருக்கே இடம். வேடிக்கை பாருங்கள்: அந்த லீக்குக்குள் சம்பள வரம்பு இருந்தது, 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்கத்துக்கு 16.5 கோடி ரூபாய் என்று. எல்லோருக்கும் ஒரே தொகை. இங்கிலாந்தில் தோற்ற யோசனை இங்கே அமலில் இருந்தது! உள்ளே சமத்துவம், வாசலில் காவற்காரன். இங்கிலாந்தில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே போனபின் கையைக் கட்டுகிறார்கள். இங்கே உள்ளே எல்லோர் கையையும் ஒரே அளவில் கட்டினார்கள், கதவைத் திறக்கவில்லை. பட்டம் வென்றும் விளம்பரமில்லை, விளம்பரமில்லாததால் வருமானமில்லை. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் சங்கம் 26 விழுக்காடு பங்கு வாங்கியும் நிலைக்க முடியவில்லை. 2021-22 பருவத்தில் சென்னை சிட்டியின் பெயரே ஐ-லீக்கில் இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

2019-இல் வகுத்த திட்டப்படி 2022-23 முதல் ஐ-லீக் வென்ற சங்கத்துக்கு உரிமைத் தொகையின்றி மேலே வழி விட்டார்கள். முதலில் பஞ்சாப் சங்கம் ஏறியது. அடுத்து கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். கதவு திறந்த சில வருஷங்களுக்குள் வீடே ஆட்டங்கண்டது. லீக்கை நடத்திவந்த கம்பெனியின் உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிவதாயிருக்க, புதிதாக டெண்டர் கேட்டபோது ஒருவரும் விலை கூறவில்லை. செப்டம்பரில் தொடங்கவேண்டிய பருவம் தொடங்கவில்லை. பெரிய சங்கங்கள்கூடச் சம்பளத்தை நிறுத்திவைத்தன. பணத்துக்கு வரம்பு கட்டிய லீக்கில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஏற்பாடில்லை.

நமது சம்மேளனம் செய்த காரியங்களில் ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுவோம். 2023-இல் பெண்கள் லீக்கின் சங்கங்கள் தலா பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்காவது வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் தரவேண்டும் என்று தீர்மானித்தது. இது மேல்வரம்பன்று, கீழ்வரம்பு. சேது போன்ற சங்கத்துக்கு இதுவும் பாரமே. முப்பத்திரண்டு லட்சம் ரூபாய் மதுரையில் மரத்தில் காய்ப்பதில்லை. ஆயினும் இந்தப் பாரம் போய்ச் சேருமிடம் ஒரு பெண்ணின் அடுப்பங்கரை. மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம் வருமானால், ‘பந்து போதும், கல்யாணத்துக்கு நில்’ என்னும் தகப்பனாரிடம் அவள் இன்னும் இரண்டு வருஷம் வாதாடலாம். செலவு விதி என்றால் இவ்வகையே முதலில் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மேல்வரம்பும் வேண்டுமாயின் அது தொகையாக இருக்கட்டும்; விழுக்காடாக வேண்டாம். ஏறிவரும் சங்கத்துக்கு, முன்பே இருப்போரைவிடக் குறைந்த அனுமதி என்பது தலைகீழ் நியாயம். முதல் மூன்று வருஷம் அதிக அனுமதி தரவேண்டும். முதலாளி ஓடிப்போவார் என்ற அச்சத்துக்கு மருந்து எளிது. ஆட்டக்காரருடன் எத்தனை வருஷ ஒப்பந்தம் எழுதுகிறாரோ அத்தனை வருஷச் சம்பளத்துக்கும் வங்கி ஜாமீன் கட்டிவிட்டு வாங்கட்டும். கோர்ட்டில் டிக்கிரித் தொகைக்கு ஜாமீன் கேட்கிறோம். பந்தாட்டக்காரன் கூலிக்குக் கேட்டால் என்ன? பணம் உள்ளவன் செலவிடட்டும். செலவிட்டபின் ஓட முடியாதிருக்கட்டும். இந்த யோசனையை அந்நாட்டு விதிகளிலோ நம் நாட்டு விதிகளிலோ முழு வடிவில் நாம் காணவில்லை.

அன்று கண்மாய்க் கரையில் நாம் விடைபெறும் தறுவாயில் அந்த இளைஞரே ஒரு செய்தி சொன்னார். அவ்வட்டாரத்துக் கோடைப் போட்டிகளில் ஒவ்வொரு கோஷ்டியும் ஒரே நுழைவுக் கட்டணம் கட்டவேண்டும். வெளியூர் ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் இறக்கலாகாது என்று போட்டி நடத்துவோர் நோட்டீஸிலேயே அச்சிடுகிறார்களாம். முன்பொரு வருஷம் ஒரு கோஷ்டிக்காரர் பதினொரு பேரையும் கூலிக்குக் கொண்டுவந்து கோப்பையைத் தூக்கிப்போனாராம். மறு வருஷம் ஆடுவதற்கு உள்ளூர்க் கோஷ்டிகள் பாதிகூடத் தேறவில்லை.

“இந்த வருஷம் எங்க செட்டுக்கு அந்த ரெண்டு வெளியாளுக்குக் கொடுக்கவும் காசில்லை, அய்யா. பதினொருத்தரும் உள்ளூர்தான்,” என்றார். ஆலைச் சங்கு ஊதிற்று. சிவப்புச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறி இரவு முறைக்குப் போய்விட்டார்.